வண்டியை யார் பார்த்துக்கொள்வது

எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் திங்கட்கிழமை விடிவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுகிற என் அப்பாவுக்கு,

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடக்கும் ரப்பர் மேட்டில் மணலே இருக்காது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

நீ கடற்கரைக்கு டிரிப் போய்விட்டு வந்தால் வண்டியைக் கூட்டுவது என் வேலை. அல்சூர் ஏரிக்குப் பின்னால், நம் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நீ தூங்கப் போவாய். நான் துடைப்பமும் பக்கெட்டுமாக ஏறுவேன். பன்னிரண்டு சீட்டுக்கு அடியிலிருந்தும் முறம் முறமாக மணல் வரும். சிப்ஸ் கவர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு, உடைந்த சிப்பி எல்லாம் வரும். ஒரு தடவை ஈரம் காயாத நீச்சல் கண்ணாடிகூட வந்தது. நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் மணலை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரத்து மணல் ரவை மாதிரி இருக்கும். இன்னொரு வாரத்து மணல் மைதா மாதிரி விரலில் ஒட்டும். மைதா மாதிரி இருந்தால் மல்பே என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய்.

உன் கால் படுகிற மேட் மட்டும் அப்படியே சுத்தமாக இருக்கும். செருப்பைத் தட்டிவிட்டு ஏறுகிறாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. நான் எதைத்தான் யாரிடம் கேட்டிருக்கிறேன்?

"என் பொண்ணு பேசறத கேக்கணும்னா இன்ஜின ஆஃப் பண்ணணும்" என்று நீ மற்ற டிரைவர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். அது எனக்குக் கோபமாக இருந்ததில்லை. உண்மைதானே. ஒன்பதாம் வகுப்பில் கன்னட மிஸ் என்னை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். எனக்கு எழுத்து தெரியும், வார்த்தையும் தெரியும், சத்தம்தான் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. அடுத்த வாரம் நீயே மூன்று நாள் என்னை வண்டியில் ஏற்றி ஸ்கூல் கேட்டுவரை கொண்டுபோய் நிறுத்தினாய். மூன்று நாளும் நான் இறங்கவில்லை. மூன்றாம் நாள் நீ ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நான் இறங்கியிருப்பேனா அப்பா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் மார்க்கெட் பக்கத்துக் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கப் போனேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. புடவையைப் பார்த்துக் குனிந்துகொண்டே இருக்கலாம்.

நீ தூங்கி எழுந்து சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பிப்பாள். "இந்த வாட்டி எங்க?" நீ சொல்வாய். மரவந்தேயில் ரோட்டுக்கு ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல். காபு லைட்ஹவுஸில் ஏறினால் காற்று ஆளையே தூக்கும். ஆனால் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது மல்பேக்கு எதிரில் இருக்கிற செயின்ட் மேரிஸ் தீவைத்தான். படகில் போக வேண்டும் என்பாய். கறுப்புக் கல் எல்லாம் தூண் தூணாகத் தென்னை மர உயரத்துக்கு நிற்கும் என்பாய். கடைசியில் சூரியன் இறங்குவதைச் சொல்வாய்.

"தீவோட அந்தாண்ட பக்கம் போயி ஒரு கல்லு மேல ஒக்காந்துக்கணும். சூரியன் நம்ம மடில வந்து எறங்கறா மாதிரி இருக்கும்."

"என்ன எப்ப கூட்டிம்போவ?" என்பாள் அம்மா.

"சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தால் மழை வரும், மழை வந்தால் படகு ஓடாது, மழை விட்டால் மறுபடி சீசன். பதினோரு வருஷம் இப்படித்தான் போயிற்று.

போன மே மாதம் சர்ஜாபூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மல்பேக்கு வண்டி கேட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள், ஒன்பது பேர். "சீட்டு காலியாத்தான் இருக்கு, என் பொண்ணு ஒரு ஓரமா ஒக்காந்து வரட்டுங்களா, கடலே பாத்ததில்ல" என்று நீ அந்த வீட்டு அம்மாவிடம் போனில் கேட்டதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமாங்ண்ணா, கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அம்மாவால் வர முடியவில்லை. அவள் சமைக்கிற பிஜி ஹாஸ்டலில் அந்த வாரம் லீவு கொடுக்கவில்லை. "நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு, அப்பறம் நான் போறேன்" என்று எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அனன்யாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீட்டுப் பெண். என் வயது. சக்லேஷ்பூர் தாண்டி மலை ரோடு வளைய ஆரம்பித்ததும், வாந்தி வரும் என்று முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான் அப்பா. தன் சாக்லேட்டில் பாதியைக் கொடுத்தாள். அப்புறம் கேட்டாள்.

"நீ என்ன படிக்கிற?"

யாரும் கேட்காத கேள்வி இல்லை. ஃபால்ஸ் தைக்கிறேன் என்று சொன்னால் முடிந்துபோயிருக்கும். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாயில் வேறு ஒன்று வந்தது.

"ஃபர்ஸ்ட் பியூ முடிச்சிட்டேன். உங்க ஊரு ப்ளஸ் ஒன். காமர்ஸ்."

"எந்த காலேஜ்?"

பஸ்ஸில் போகும்போது தினமும் பார்க்கிற ஒரு போர்டைச் சொன்னேன்.

"அங்கயா? என் ஃப்ரெண்டு அங்கதான் காமர்ஸ். உன் ஃபுல் நேம் சொல்லு, அவகிட்ட கேக்கறேன். இங்க சிக்னலே இல்ல. மல்பே போனதும் மெசேஜ் பண்றேன்."

மேலே இருக்கிற கண்ணாடியைப் பார்த்தேன். உன் கண் அதில் இருந்தது. ஒரு வளைவு வந்தது, நீ ரோட்டைப் பார்த்தாய். அதற்கப்புறம் நீ கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை மல்பே படகுத் துறையில் அவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். நீ வண்டியைக் கொண்டுபோய் ஒரு சுவர் ஓரமாக நிறுத்தினாய். பத்து மணிக்கு நிழல் எங்கே விழும், மூன்று மணிக்கு எங்கே போகும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. டிக்கெட் எடுக்கப் போன அந்த அம்மா திரும்பி வந்தார்கள்.

"அண்ணா, நீங்களும் வாங்க. உங்களுக்கும் பாப்பாக்கும் சேத்தே எடுத்துடறோம்."

"வண்டிய யாருங்க பாத்துக்கறது?"

"எங்க மாமனாரு வரல. முட்டி வலியாம். வண்டிலயே உக்காந்து பேப்பர் படிக்கறாராம். அவரு பாத்துக்குவாரு."

நீ வண்டியைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு குனிந்து பேண்டை மடிக்க ஆரம்பித்தாய்.

"ரேவு, வா வா. உன்னாலதான் எனக்கும் ஆச்சு. இவ்ளோ வருஷத்துல இதான் மொத வாட்டி போறேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் சொன்னதெல்லாம், திரும்பி வருகிற பயணிகள் வண்டிக்குள் பேசிக்கொண்டதை நீ ஓட்டிக்கொண்டே கேட்டது. ஒவ்வொரு தடவையும் நீ இந்தச் சுவரோரத்தில் படகு திரும்பி வரும்வரை காத்திருந்திருக்கிறாய். பையும் லேப்டாப்பும் வண்டிக்குள் இருக்கும்போது டிரைவர் நகரக்கூடாது. அது யாரும் எழுதி வைக்காத சட்டம். உன் ரப்பர் மேட்டில் ஏன் மணல் இல்லை என்பதும் அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு அது புரிந்த அதே நேரத்தில் அனன்யா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "சிக்னல் வந்துடுச்சு. ரேவதி, உன் இனிஷியல் என்ன?"

படகில் ஏறினால் இறங்க முடியாது. தீவில் ஒளிய முடியாது. அவள் தோழி பதில் அனுப்புவாள், இப்படி ஒரு பெண்ணே இல்லை என்று. ஒன்பது பேருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்புச் சிரிப்பு எனக்குக் காதில் கேட்டது.

"அப்பா, எனக்குத் தல சுத்துது. நான் வரல."

நீ என்னைப் பார்த்தாய். "தண்ணி குடிக்கறியா?"

"இல்ல. நான் வரல."

"நான் வேணா இவளப் பாத்துக்கறேன் டிரைவர், நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அந்தத் தாத்தா வண்டிக்குள்ளிருந்து. நீ போயிருக்கலாம். நான் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நிஜமாகவே சுற்றுவதுபோல. பேண்டில் ரெண்டு மடிப்பு மடித்திருந்தாய். மறுபடி குனிந்து ரெண்டையும் இறக்கிவிட்டாய்.

படகு போன பிறகு துறைக்குப் பக்கத்தில் இருக்கிற பூங்காவுக்கு என்னைக் கூட்டிப் போனாய். பெஞ்சில் உட்காரவைத்து மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி வாங்கிக் கொடுத்தாய். தலை சுற்றுகிறவளுக்கு யாராவது மிளகாய்த்தூள் போட்டு வாங்கிக் கொடுப்பார்களா? அங்கிருந்து பார்த்தால் தீவு தெரிந்தது. தண்ணீர்மேல் பச்சையாக ஒரு கோடு. நான் கடலைப் பார்த்த முதல் நாள் அது. எனக்கு அந்தக் கோடு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

"பரவால்ல ரேவு. தீவு எங்கயும் ஓடிப் போவாது. மழ விட்டு படகு ஓட ஆரம்பிச்சதும் நாம மூணு பேரு மட்டும் வரலாம். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். கடைசிவரை அவ்வளவுதான்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது அனன்யா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். தோழிக்கு மெசேஜ் அனுப்பினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. பெங்களூரில் இறங்கும்போது "பை ரேவதி" என்றாள். அந்தக் கேள்வியை அவள் எப்போதோ மறந்துபோயிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. மைசூர் கல்யாண டிரிப் முடிந்து நீ சந்து முனையில் வண்டியை நிறுத்தியிருந்தாய். வீட்டுக்கு வரவில்லை. அசதியில் சீட்டிலேயே தூங்கிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தது நான்தான். கதவைத் திறந்தது நான்தான். இன்ஜின் ஆஃப் ஆகியிருந்தது, ஹாண்ட்பிரேக் போட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் போயிருந்தாய். டாக்டர் மாரடைப்பு என்றார். அப்போது மல்பேயில் மழை. படகு ஓடவில்லை.

இப்போது உன் வண்டியை உன்னோடு டிரைவராக இருந்த பாஷா மாமா ஓட்டுகிறார். போன மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு சொன்னார். "அக்கா, சந்தாபுரால இருந்து பெரியவங்க எட்டு பேரு மல்பே போறாங்க. சீட்டு காலி. ஓனர்கிட்ட கேட்டுட்டேன். நீயும் பொண்ணும் கெளம்புங்க."

"எனக்கெதுக்கு பாஷா இப்ப கடலு?" என்றாள் அம்மா.

"அவன் இத்தினி வருஷம் ஓட்டிம்போன எடத்த நீ ஒரு வாட்டி பாக்க வேணாமா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். லீவு சொல்லப் போய்விட்டாள். நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நீ அந்தத் தீவைப் பார்த்ததில்லை என்று தெரிந்த ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். ஏன் பார்க்கவில்லை என்று தெரிந்தவளும் நான்தான்.

அப்பா, தீவு எப்படி இருக்கிறது என்று இப்போது உனக்குச் சொல்கிறேன். படகில் ஆரஞ்சு கலரில் ஒரு சட்டை மாட்டிவிடுகிறார்கள். அம்மா என் கையை விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பச்சையாக மாறுகிறது. இறங்கினால் மணலைவிட உடைந்த சிப்பிதான் அதிகம், நடந்தால் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது. கல் கறுப்பாகத்தான் இருக்கிறது. டப்பாவில் அடுக்கி வைத்த சாக்பீஸ் மாதிரி நெருக்கி நெருக்கி நிற்கிறது. ஆனால் தென்னை மர உயரம் இல்லை. பலது என் முழங்கால் உயரம்தான். பெரியதென்று நான் பார்த்தது ரெண்டு ஆள் உயரம் இருக்கலாம். யாரோ உனக்குப் பெரிதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா ஒவ்வொரு கல்லாகப் பார்த்தாள். "தென்ன மரம் உசரம்னு சொன்னாரே" என்றாள். பிறகு அவளே, "அது அந்தாண்ட பக்கம் இருக்கும்" என்றாள். அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் இல்லை. "தேஞ்சி போயிருக்கும், அலை அடிச்சி அடிச்சி" என்றாள். நீ சொன்னதை ஒவ்வொன்றாகத் தேடி, கிடைக்காததற்கெல்லாம் உன் சார்பில் அவளே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன். 

சாயங்காலம் அம்மா மேற்கே பார்த்த ஒரு தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இங்கதான் ஒக்காந்திருப்பாரு" என்றாள். கொஞ்ச நேரத்தில் விசில் ஊதி எல்லாரையும் கிளப்பிக்கொண்டு காவல்காரர் வந்தார்.

"லாஸ்ட் போட்டு. ஹொரடி, ஹொரடி."

அம்மா கன்னடத்தில், சூரியன் இறங்கட்டும், பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றாள். அவர் சிரித்தார். அதுவரைக்கும் யாரும் இங்கே இருக்க முடியாதும்மா, வெளிச்சம் இருக்கும்போதே எல்லாரையும் ஏற்றி அனுப்பிவிடுவோம், எப்போதும் அப்படித்தான், சூரியனைக் கரையில் போய்ப் பாருங்கள் என்றார்.

"என் வீட்டுக்காரரு பாத்திருக்காரு. டிரைவரு. பதினோரு வருஷம் வந்தவரு. நீங்க புதுசா வந்திருப்பீங்க."

இல்லை, ரொம்ப வருஷமாக இங்கேதான் இருக்கிறேன் என்றார் அவர். அம்மா விடவில்லை. தன் வீட்டுக்காரர் பொய் சொல்கிறவர் இல்லை என்றாள், குரல் உயர்ந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாவமாக, அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை அப்பா. படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு டிரிப்பிலும் அதற்குத்தானே காத்திருந்தாய். பிறகு ஏன் அம்மாவிடம் அந்தச் சூரியனைச் சொன்னாய்? கரையிலிருந்து பார்த்தபோது சூரியன் அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பின்னால் இறங்கியதா? அங்கே இருப்பவர்களுக்கு மடியில் விழும் என்று நினைத்துக்கொண்டாயா? கேட்பதற்கு இப்போது யாரும் இல்லை.

"அம்மா, அப்பா இங்க வந்ததில்ல."

"இன்னா?"

"அப்பா இங்க வந்ததே இல்லம்மா."

"சத்தமா சொல்லுடி. காத்துல ஒண்ணும் கேக்கல."

மூன்றாவது தடவை சொன்னபோது என் குரலை நானே முதல்முறையாகக் கேட்டேன். காவல்காரருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அம்மா கல்லிலிருந்து எழுந்தாள்.

மீதியைப் படகில் சொன்னேன். இன்ஜின் சத்தம் காதை அடைத்தது, கத்தித்தான் சொன்னேன். நான் காலேஜ் என்று பொய் சொன்னது, அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு வந்தது, டிக்கெட் எடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னது. சந்தாபுராப் பெரியவர்கள் எட்டுப் பேரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்று இருந்தது.

"தல சுத்துதுன்னா சொன்ன?"

"ஆமா."

"சுத்தலயா?"

"இல்ல."

"அவரு கெளம்பிட்டாரா அதுக்குள்ள?"

"பேண்ட மடிச்சாரும்மா. ரெண்டு மடிப்பு. நான் வரலன்னதும் எறக்கி விட்டுட்டாரு."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒரு வாட்டி காலு நனைச்சிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். என் கையைப் பிடித்திருந்தவள் அதை எடுத்துக்கொண்டாள். நான் இழுத்துப் பிடிக்கவில்லை.

கரையில் பாஷா மாமா அதே சுவரோரம் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள்.

"பாஷா, நீ அந்தத் தீவுக்குப் போயிருக்கியா?"

"நா எங்கக்கா போறது? வண்டிய யாரு பாக்கறது?"

"எத்தினி வருஷமா வர?"

"ஏழு இருக்கும். ஏன், நல்லா இருந்துச்சா? கல்லுங்க தென்ன மரம் உசரத்துக்கு இருக்குமாமே. எங்க டிரைவருங்க எல்லாம் சொல்லுவாங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா ரேவதி, அம்மாக்கு தல கில சுத்துதா?" என்று என்னைக் கேட்டார்.

நீ போன பிறகு அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடு என்கிறாள், கதவைச் சாத்து என்கிறாள். நேற்று கொஞ்சம் கூடுதலாக, "அன்னாசிப் பழம் வாங்கிக் குடுத்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவரு சாப்ட்டாரா?" என்றாள். நீ சாப்பிட்டாயா அப்பா? நான் எவ்வளவு யோசித்தும் என் கையில் இருந்த துண்டு மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

நான் திரும்பப் படிக்கப் போவேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பொய்யின் மேல் இன்னொன்றைப் போடக் கூடாது. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் என்ன கேட்டாலும் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன், ஃபால்ஸ் தைக்கிறேன் என்று சொல்லுவேன். என் வெட்கத்துக்காக இன்னொருவரை இனிக் கரையில் நிறுத்த மாட்டேன்.

தீவுக்குப் போய் வந்த மறுநாள் காலை மல்பேயில், சந்தாபுராப் பெரியவர்கள் கடற்கரையில் நடக்கப் போனார்கள். அம்மாவும் அவர்களோடு போனாள். முதல் படகுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நீங்க போய்ட்டு வாங்க."

"நா போயி இன்னா பண்றது? வண்டில சாமான் கெடக்குதில்ல?"

"நான் இருக்கேன்."

"நீயா? யாராச்சும் வந்து கேட்டா வாயத் தொறப்பியா?"

"தொறப்பேன்."

அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். படகுக்காரர் இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் கையை நீட்டினேன். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

உன் மகள்,
ரேவு